நாற்பத்தெட்டுக்கு அறுபது

வகுப்பில் நான் பிள்ளைகளை விரட்டிய விரட்டில் பாதி ஒரே ஒரு கணக்குக்காகத்தான் இருக்கும். செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்று, பாரன்ஹீட்டைக் கெல்வினாக மாற்று, கெல்வினை ரியூமராக மாற்று. இந்த ரியூமர் பழைய காலத்து அளவு. தண்ணீர் உறைவது சுழியில், கொதிப்பது எண்பதில். இப்போது உலகத்தில் யாரும் அதைத் தேடுவதில்லை, பாடப்புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் நான் விடமாட்டேன். ஆரம்பத்தில் பிரம்பால் சொல்லிக்கொடுத்தேன். அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு கையை மடக்கிக்கொண்டேன், வாயை மடக்கவில்லை. செல்சியஸை ரியூமராக்கும்போது நாலையும் அஞ்சையும் இடம் மாற்றிப் போட்டவனை பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, "ஏலே, சட்டைய கால்ல மாட்டிட்டு வந்தியா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைப்பேன். அப்படிச் சிரிப்புக்கு ஆளானவர்கள் இன்று இந்தப் பக்கத்தில் கடைகளிலும் பேருந்துகளிலும் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். அந்த மரியாதைதான் கடைசியில் என் வாயில் மண்ணள்ளிப் போட்டது.

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது கழித்துப் போட்ட சாமான்களுக்குள் ஒரு வெப்பமானி கிடந்தது. முழ நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம், கண்ணாடியிலேயே பொறித்த கோடுகள், உச்சியில் ஒரு 'R'. கடைசி எண் எண்பது. ரியூமர் வெப்பமானி! புத்தகத்தில் மட்டுமே பார்த்த சங்கதி கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? தலைமையாசிரியரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். பாவம், அவர்களும் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் என் அண்ணன் மனைவி, மதினி இருக்கிறார். அண்ணன் இறந்த பிறகு, அவன் வைத்திருந்த தேன் பெட்டிகளை விற்றுவிடச் சொல்லி நாங்களெல்லாம் யோசனை சொன்னோம். மதினி கேட்கவில்லை. திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெட்டிகளைக் கொண்டு வைத்து, ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில் தேன் எடுத்துவிடுவார். சொட்டுக் கலப்பு கிடையாது. எங்கள் குடும்பக் கோயில் சாஸ்தாவுக்குப் பங்குனி உத்திரத்தன்று தேனபிஷேகம் உண்டு. அந்தத் தேன் மதினி வீட்டுத் தேன்தான். காய்ச்சாமல், வடித்ததைத் தனியாக ஒரு பாட்டிலில் நிறைத்து, பாட்டில் வாயில் வெள்ளைத் துணி கட்டி, குளித்த ஈரத்தலையோடு நடையில் கொண்டு வைப்பார். கோயில் காரியத்தில் எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைக்கிற முதல் மரியாதையும் கடைசி மரியாதையும் அது ஒன்றுதான். மதினி அதற்காகவே வருடம் முழுவதும் வாழ்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

ரப்பர் தேனில் தண்ணீர் அதிகம். அப்படியே அடைத்து வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். அதனால் விற்கிற தேனை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி இளஞ்சூடாக்கி வடிகட்டுவார்கள். மதினியின் கணக்கு விரல் கணக்கு. விரலை முக்கினால் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு கேரளப் பக்கத்து வைத்தியசாலை ஒன்று முதல்முறையாக மதினியிடம் தேன் கேட்டது. நாற்பத்தெட்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு காகிதமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மதினி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஊரைப் போல அவரும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார்.

"சாரே, சூடு பாக்க ஒரு குழாய் வேணும். மார்த்தாண்டத்துல கிட்டுமா?"

கிடைக்கும். எந்தக் கடையிலும் கிடைக்கும். பொத்தானை அமுக்கினால் எண்ணைக் காட்டுகிற சின்னச் சாமான். ஆனால் என் வாய் சும்மா இருந்ததா?

"என்னத்துக்கு மதினி வாங்கணும்? நான் ஒண்ணு தாறேன். இது மாதிரி இந்த ஜில்லாவுலயே வேற இருக்காது."

சனிக்கிழமை காலையில் அவர் முற்றத்துக்கு வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பில் அண்டா, அண்டாவில் தண்ணீர், தண்ணீருக்குள் தேன் வாளி. மதினி வாளியைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரசங்கத்தைத் தொடங்கினேன். வெப்ப அளவுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஆளாளுக்குத் தனக்குத் தோதான இடத்தில் சுழியை வைத்துக்கொண்டார்கள் என்றேன். கெல்வின் அளவு மட்டும்தான் யாருடைய தோதையும் பார்க்காது, அதன் சுழிக்குக் கீழே போக இடமே கிடையாது என்றேன். "நீங்களும் நானும் இப்ப முந்நூத்திப் பத்து கெல்வின் மதினி" என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"அப்பிடியா? அப்ப இந்தக் குழாயில நாப்பத்தெட்டு எதுக்க நேர இருக்கு, அதைச் சொல்லுங்க."

"இது வேற அளவு மதினி. இதுல நாப்பத்தெட்டுக்கு அறுபது."

யோசிக்கக்கூட இல்லை. நாற்பத்தெட்டை நாலால் வகுத்து அஞ்சால் பெருக்கினேன். அரை வினாடி ஆகியிருக்குமா? அஞ்சால் வகுத்து நாலால் பெருக்கியிருக்க வேண்டும். முப்பத்தெட்டரைக்கு ஒரு நூல் கீழே வந்திருக்கும்.

"போனுல ஒரு தடவ பாத்துக்கிடுங்களேன்" என்றார் மதினி.

"இதுக்குப் போனா? முப்பது வருசமா இதையில்லா சொல்லிக் குடுக்கேன்."

அண்டாத் தண்ணீர் ஓரத்தில் குமிழ் விட ஆரம்பித்தது. தேனுக்குள் இறக்கிய குழாயில் பாதரசம் நாற்பதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மதினி விரலை முக்கி, சட்டென்று இழுத்து உதறிக்கொண்டார்.

"சாரே, விரலு பொறுக்கல்ல. தண்ணி கொதிக்கப் போகு. இது அதிகமில்லா?"

"தேன் கெட்டியான சாமான் மதினி. உள்ள சூடு மெதுவாத்தான் போவும். உங்களுக்க விரல் என்ன வெப்பமானியா?"

விரலுக்குப் பதில் சொன்ன அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. மதினி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு, இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளினார். அறுபது வந்தது. நான் சொன்னபடி அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருந்தார். அன்று மத்தியானத்துக்குள் ஆறு கேன் தேனும் அப்படியே காய்ந்து இறங்கிவிட்டது. வடிகட்டும்போது, "நிறம் கூடிப்போச்சோ? கருப்பட்டி மணம் மாதிரி அடிக்கு" என்றார். மேகமூட்டமாக இருக்கிறது, வெயில் வந்தால் நிறம் சரியாகத் தெரியும் என்று எதையோ சொல்லிவிட்டு, வெப்பமானியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாளில் வைத்தியசாலையிலிருந்து ஆறு கேனும் திரும்பி வந்தன. வேனை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவராமல், தெரு முக்கில் தேன்காரர்கள் கூடுகிற இடத்தில், எல்லோர் முன்னாலும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கூடவே இங்கிலீஷில் அடித்த ஒரு சீட்டு. மதினி அதை என்னிடம் நீட்டினார். அதிகமாகச் சூடாக்கப்பட்டது அல்லது பாகு கலக்கப்பட்டது என்று இருந்தது.

"என்ன சாரே போட்டிருக்கு?"

"பாகு கலந்திருக்குமோன்னு சந்தேகப்படுதான் மதினி."

சூடு என்ற சொல்லை விட்டுவிட்டேன். கணக்குத் தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கண்ட மாத்திரத்தில் மதினி விரலை உதறியது ஞாபகத்துக்கு வந்தது. அதை அமுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று செய்தது ஒன்று. இரண்டுக்கும் ஒரே தண்டனை கிடையாது.

மதினி நடுமுற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாகா? நானா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அண்ணன் சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அந்த வாரத்துக்குள் பக்கத்து ஊர் புதுக்கடை வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. கருப்பட்டிப் பாகு கலந்தாளாம், அண்ணன் இருந்த காலத்தில் இப்படியெல்லாம் உண்டா என்று பேசினார்கள். தேனைத் திறந்து முகர்ந்தவர்களுக்கெல்லாம் கருப்பட்டி மணமும் அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் காய்ச்சு காய்ச்சியிருக்கிறேன்.

எனக்கு விஷயம் விளங்கியது வகுப்பில்தான். பதினொன்றாம் வகுப்புக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல நாலு அளவுகளையும் ஒரே வரியில் கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், செல்சியஸ்ல நூறுன்னா ரியூமர்ல எம்பதுதான? அப்ப ரியூமர் எண்ணு எப்பவும் செல்சியஸ விட சின்னதாத்தான் வரும், இல்லியா சார்? அதை வச்சே தப்பக் கண்டுபிடிச்சிரலாம்லா?"

"ஆமா" என்றேன். சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியோடு அப்படியே நின்றேன். சின்னதாகத்தான் வரும். நாற்பத்தெட்டுக்கு அறுபது எப்படி வரும்? பிள்ளைகள் பார்க்கப் பார்க்கவே பலகையின் மூலையில் போட்டுப் பார்த்தேன். ரியூமரில் அறுபது என்றால் செல்சியஸில் எழுபத்தைந்து. கெல்வினில் முந்நூற்று நாற்பத்தெட்டு. எந்த அளவில் போட்டாலும் மதினியின் தேனை வேகவைத்தது நான்தான். அழித்தேன். "என்ன சார் கணக்கு அது?" என்று ஒருவன் கேட்டான். "உனக்க வேலையப் பாருலே" என்று எரிந்து விழுந்தேன். அவன் என்ன பாவம் செய்தான்?

அன்று சாயங்காலமே மதினி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் ஆறட்டும், உத்திரம் கழியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஊர் சிரிக்கும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. பெஞ்சில் ஏறி நிற்க வேண்டியவன் நான் என்று தெரிந்துவிட்டால், முக்குக் கடையில் எவன் எழுந்து நிற்பான்?

உத்திரத்தன்று காலையில் கோயில் வாசலில் குருத்தோலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். ஈரத்தலையோடு மதினி வந்தார். கையில் பாட்டில், பாட்டில் வாயில் வெள்ளைத் துணி. அது காய்ச்சாத தேன், என் வெப்பமானி தொடாத தேன். நடையில் வைக்கக் குனிந்தபோது கோயில் செயலாளர் முன்னால் வந்தார். எங்களுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை.

"இருக்கட்டும் மக்கா. இந்த வருசம் வேற எடத்துல வாங்கியாச்சு."

"இது காய்ச்சாததுல்லா சித்தப்பா? வழக்கமா வைக்குகது."

"ஆளுக்கொண்ணு சொல்லுகாவ. சாமி காரியம். மனசுல சங்கடம் வேண்டாம், கொண்டு போயிரு."

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். உண்மை எனக்குத் தெரியும் என்று நினைத்து அல்ல. குடும்பத்தில் படித்தவன், வாத்தியான், நாலு பேர் மதிக்கிறவன், தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று பார்த்தார். நான் ஓலையைக் கிழித்தேன். கிழித்த ஓலையையே மறுபடியும் கிழித்தேன். அவர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே போனார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகெல்லாம் நனைந்திருந்தது. அந்த முதுகை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியாது.

அப்போதும் சொல்லவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. மதினியும் என்னோடு பழையபடியே பேசிக்கொண்டிருந்தார். அதுதான் பெரிய கொடுமை. சாளைமீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வந்துவிடும். என்னால் விழுங்க முடியாது.

மழைக்காலத்தில் பூ கிடையாது. அப்போது தேனீக்களைப் பட்டினி போடாமல் காப்பாற்றச் சீனியைக் கரைத்துப் பெட்டிக்குள் வைப்பார்கள். தேன்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். அதிலிருந்து யாரும் தேன் எடுப்பதில்லை. முன்பெல்லாம் மதினி நடுமுற்றத்தில் வைத்துக் கரைப்பார். அந்த ஆனி மாதம் ஒரு மத்தியானம் அங்கே போனபோது முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனேன். அடுக்களைக் கதவையும் பாதி அடைத்துக்கொண்டு, இருட்டுக்குள் குத்துக்காலிட்டுச் சீனி கரைத்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் ஒரு சாக்கை எடுத்து வாளியை மூடினார்.

"நீங்களா? நான் யாரோன்னு நெனச்சேன். சீனி வாங்கினாலே, பாத்தியளா பாகு காய்ச்சுகான்னு சொல்லுகாவ சாரே."

ஒரு தவறும் செய்யாத மனுஷி, திருட்டுப் பொருளை ஒளிக்கிற மாதிரி வாளியை ஒளிக்கிறார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நாலும் அஞ்சும் இடம் மாறியது, அறுபது, எழுபத்தைந்து, கரும்பலகை, உத்திரத்தன்று வாயடைத்து நின்றது. சீட்டில் விட்ட சொல்லையும் சொன்னேன்.

வாளி மேல் வைத்திருந்த கையை மதினி எடுத்துவிட்டார்.

"அந்தச் சீட்டுல சூடுன்னும் இருந்துதா?"

"இருந்துது மதினி."

"நான் கேட்டனே. என்ன போட்டிருக்குன்னு உங்களட்டதான கேட்டேன்."

கணக்குத் தவறை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் அவரைச் சுட்டது. எழுந்து உள்ளே போய், அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இதை இஞ்ச வந்து எதுக்குச் சொல்லுதிய? எனக்குத் தெரியும் நான் கலக்கல்லன்னு. தெரியாதவங்களட்ட போய்ச் சொல்லுங்க."

வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம். சீட்டையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வெள்ளைத்தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். சொல்லி முடித்ததும் செயலாளர் சித்தப்பா என் தோளில் கை வைத்தார்.

"மதினிக்கு ஒரு கெட்ட பேரு வரப்பிடாதுன்னு பழிய நீரு தலையில வச்சிக்கிடுதீரு. எங்களுக்கு வெளங்காதா?"

"இல்ல சித்தப்பா, உண்மையாட்டு நான்தான்."

"சீட்டுல சூடு அல்லது பாகுன்னுதான போட்டிருக்கு?"

பின்வரிசையில் என்னிடம் படித்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெஞ்சில் ஏறி நின்றவன்தான். எழுந்து, சிரித்துக்கொண்டே சொன்னான். "சாருக்கு இந்தக் கணக்கு தப்புமா? சட்டைய கால்ல மாட்டிட்டு வந்தியான்னு எங்களப் போட்டு எடுத்தவருல்லா! ஒறக்கத்துல கேட்டாலும் சரியாச் சொல்லுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளை நீட்டி, இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போனேன். ஒருவரும் வாங்கவில்லை. அண்ணன் பெண்டாட்டிக்காக இவ்வளவு செய்கிற ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று யாரோ சொன்னார்கள். டீ வந்தது. முதல் டம்ளரை என்னிடம் தந்தார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை. அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மதினி முற்றத்தில் நின்றிருந்தார். அன்றைக்கு முன்கதவு திறந்திருந்தது. சீனி வாளி வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தது.

"சொன்னியளா?"

"சொன்னேன் மதினி. ஒண்ணுவிடாம சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு நல்ல மனசுன்னு சொன்னாங்க" என்றேன்.

மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எனக்க தேனு?" என்று கேட்டார். நான் கையிலிருந்த கணக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் குனிந்து வாளியை எடுத்தார். அடுக்களைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.